எங்கள் தெருவும் தண்ணீரும்

(பி.எஸ்ஸி., வேதியியல், இரண்டாம் ஆண்டு)

சமுதாய மாற்றம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை தேர்தல்கள், சட்டங்கள், போராட்டங்கள், தலைவர்களின் பெயர்கள் ஆகியவையே. தேர்வுக்காக அவற்றின் ஆண்டுகளை வரிசையாக எழுதி மனப்பாடமும் செய்கிறோம். ஆனால் அந்த மாற்றங்கள் யாவும் என்றேனும் ஒரு நாள் ஏதேனும் ஒரு தெருவுக்குள் நுழைந்து, ஒரு வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். அவ்வாறு வந்து சேராதவை ஏட்டளவில் நின்றுவிட்ட மாற்றங்களே. ஆகவே, நாடு எவ்வளவு தூரம் மாறியிருக்கிறது என்று அறிய விரும்புகிறவர் தாம் குடியிருக்கும் தெருவைக் கூர்ந்து பார்ப்பதும் ஒரு நல்ல வழி என்பது என் எண்ணம்.

தெருவை எதைக் கொண்டு பார்ப்பது? கூரை வீடு ஓட்டு வீடாகி, ஓட்டு வீடு தளம் போட்ட வீடானதைக் கொண்டு பார்க்கலாம். மிதிவண்டி நின்ற இடத்தில் மோட்டார் வண்டி நிற்பதைக் கொண்டும் பார்க்கலாம். நான் வேதியியல் மாணவி. ஆதலால் தண்ணீரைக் கொண்டு பார்க்கத் துணிந்தேன். எங்கள் தெரு தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் ஓரத்தில், சுமார் நாற்பது வீடுகளைக் கொண்டது. அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வந்த வழி மூன்று முறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் யார் யாரோடு பேசினார்கள், யாருக்கு நேரம் மிஞ்சியது, யார் பள்ளிக்குப் போனார்கள் என்பதெல்லாம் சேர்ந்தே மாறின. மனிதரின் எலும்பும் பல்லுங்கூட மாறின என்று சொன்னால் மிகையாகாது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிணற்றுக் காலம்

என் ஆயா வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் எங்கள் ஊரில் இரண்டு கிணறுகள் இருந்தன. ஒன்று ஊர்க்கிணறு, மற்றொன்று எங்கள் பக்கத்துக் கிணறு. ஊர்க்கிணறு ஆழமானது, கோடையிலும் வற்றாதது. எங்கள் கிணறு மாசி மாதமே வற்றத் தொடங்கிவிடும். வற்றியதும் எங்கள் பெண்கள் குடத்தோடு ஊர்க்கிணற்றுக்குப் போவார்கள். ஆனால் படியில் இறங்கக் கூடாது. கயிற்றைத் தொடக் கூடாது. குடத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். யாரேனும் மனமிரங்கி ஊற்றினால்தான் தண்ணீர். "ஊத்துறவங்க மொகத்தப் பாத்துக்கிட்டே நிக்கணும் கண்ணு. நாம கேக்கவும் கூடாது, கெளம்பவும் முடியாது" என்று ஆயா சொல்வார்.

இதில் வியப்பு என்னவென்றால், அப்போதே சட்டம் இருந்தது. மராட்டிய மாநிலத்து மகாடு என்ற ஊரில் பொதுக்குளத்து நீரை எடுக்கும் உரிமைக்காக டாக்டர் அம்பேத்கர் 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று அக்குளத்து நீரை அருந்தினார். 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, கிணறு, குளம், குளியல் துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியின் பேரால் எவரையும் தடுக்கலாகாது என்று கிணற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் இயற்றப்பட்டது. அந்தச் சட்டங்கள் எங்கள் ஊர்க்கிணற்றுப் படியில் இறங்கப் பல ஆண்டுகள் ஆயின. படி இறங்குவதற்குள் கிணறே தூர்ந்துவிட்டது என்பதும் உண்மை.

அடிபம்புக் காலம்

மழை பொய்த்த ஆண்டுகளில் கிணறுகள் வற்றவே, அரசினர் ஊர்தோறும் துளைக் கிணறு போட்டு அடிபம்பு அமைத்தனர். 1970-களின் பிற்பகுதியில் நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்ட 'இந்தியா மார்க் இரண்டு' என்னும் கைப்பம்பு இதற்குப் பெரிதும் பயன்பட்டது. பழைய வார்ப்பிரும்புப் பம்புகள் அடிக்கடி பழுதாகிவிடும். ஊர் முழுவதும் நாளெல்லாம் அடித்தாலும் தாங்கும்படி இது அமைக்கப்பட்டது. எங்கள் தெருவுக்கும் ஊர்த் தெருவுக்கும் நடுவே இருந்த முச்சந்தியில் அப்படியொரு பம்பு வந்தது.

கிணற்றுக்குப் படி உண்டு, சுவர் உண்டு, கயிறு உண்டு. தள்ளி நிறுத்த இடமும் உண்டு. பம்புக்கு இருப்பது ஒரே கைப்பிடி. யார் அடித்தாலும் அதைப் பிடித்துத்தான் அடிக்க வேண்டும். முதற்சில ஆண்டுகள் எங்கள் ஆட்கள் அடித்துவிட்டுப் போனபின் கைப்பிடியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டே மற்றவர்கள் தொடுவார்களாம். இதை அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த வழக்கம் எப்படி நின்றது என்று கேட்டேன். யாரும் வந்து உபதேசம் செய்ததாக அம்மாவுக்கு நினைவில்லை. "பின்னாடி நாப்பது கொடம் காத்துக்கிட்டு இருக்கறப்ப, ஒரு செம்பு தண்ணிய எவ வீணாக்கறது?" என்றார்.

அம்மா சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தப் பம்பு நிமிடத்துக்கு நாற்பது முறை அடித்தால் ஏறத்தாழ 12 லிட்டர் நீர் தரும். 15 லிட்டர் கொள்ளும் குடம் நிறைய ஒன்றேகால் நிமிடம் ஆகும். நாற்பது வீடுகள், வீட்டுக்குப் பத்துக் குடம் என்றால் 400 குடங்கள். இடைவிடாது அடித்தாலும் 500 நிமிடங்கள், அதாவது எட்டு மணி நேரம் இருபது நிமிடம் ஆகும். இதில் குடத்தை மாற்றி வைக்கும் நேரமும், கை ஓய்ந்து நிற்கும் நேரமும், சண்டை நேரமும் சேரவில்லை. குழாயடிச் சண்டை என்று பெண்களைக் கேலி செய்து எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அச்சண்டைக்குக் காரணம் பெண்களின் குணமன்று; 500 நிமிடங்களே.

வரிசைக்கென்று ஒரு சட்டமும் தானாகவே உருவாயிற்று. ஆள் நிற்க முடியாவிட்டால் குடம் நிற்கும்; குடமும் இல்லாவிட்டால் ஒரு கல் நிற்கும். பிரசவித்த வீட்டுக்கும் சாவு விழுந்த வீட்டுக்கும் வரிசை கிடையாது. அவர்களுக்கு முதலில் விட வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதியவர் எவருமில்லை. ஆனால் மீறியவர் மறுநாள் அங்கே தலைகாட்ட முடியாது. எந்த வீட்டில் காய்ச்சல், எந்தப் பெண்ணுக்குப் பேச்சு நடக்கிறது, நியாயவிலைக் கடையில் சர்க்கரை வந்ததா என்பதெல்லாம் அங்கேதான் தெரிய வரும். ஊர்த் தெருப் பெண்களும் எங்கள் தெருப் பெண்களும் பெயர் சொல்லிப் பேசிக்கொள்ளத் தொடங்கியதும் அந்த வரிசையிலேதான்.

இத்தனை நன்மை செய்த அந்தப் பம்பு, அதன் நீரோடு வேறொன்றையும் எங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

பாறை தந்த நஞ்சு

தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலத்தடி பெரும்பாலும் கடினப் பாறையால் ஆனது. கருங்கல் இனத்தைச் சேர்ந்த இப்பாறைகளில் ஃபுளூரின் கலந்த கனிமங்கள் உண்டு. மழைநீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் தங்கும்போது அக்கனிமங்கள் சிறிது சிறிதாகக் கரைந்து, ஃபுளூரைடு அயனிகள் நீரில் சேருகின்றன. நீரில் கால்சியம் மிகுதியாக இருந்தால் அது ஃபுளூரைடோடு சேர்ந்து கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த காரத்தன்மையுள்ள நீரில் ஃபுளூரைடு படியாமல் கரைந்தே நிற்கும். பாறைக்குள் நீர் நெடுநாள் தங்கத் தங்க இந்நிலைமை ஏற்படுகிறது. ஆகவே, மழையால் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் மேற்கிணற்று நீரைவிட ஆழமான துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு பல இடங்களில் மிகுந்திருக்கிறது.

குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு 1 மில்லி கிராம் ஃபுளூரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லி கிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த எல்லையும் 1.5 தான். இந்த அளவு எத்துணைச் சிறிது என்பதை நம் குடக் கணக்கில் சொல்வதானால், 67 குடம் நீரில் ஒன்றரை கிராம். இவ்வளவு சிறிய பொருள் என்ன செய்துவிடும் என்று கேட்கத் தோன்றும். மிகக் குறைந்த அளவில் ஃபுளூரைடு பற்களுக்கு நன்மையே செய்கிறது, பற்சிதைவைத் தடுக்கிறது. அளவு மீறினால்தான் தீங்கு.

நம் பல்லின் மேற்பூச்சாகிய எனாமல், ஹைட்ராக்சி அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட்டுச் சேர்மத்தால் ஆனது. குழந்தையின் நிலையான பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்தில் ஃபுளூரைடு மிகுதியானால், எனாமல் செம்மையாக இறுகுவதில்லை. நுண்ணிய துளைகளோடு அமைந்துவிடுகிறது. முதலில் சுண்ணாம்புத் திட்டுப் போன்ற வெண்மை தோன்றும். பின்னர் அத்துளைகளில் நிறமேறி மஞ்சளாகி, பழுப்புக் கோடுகளாகி நிற்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஏனெனில் அது பல்லின் மேல் படிந்த அழுக்கன்று, பல்லின் அமைப்பிலேயே நேர்ந்த குறை. கடைவாய்ப் பல்லின் கடைசிப் பல் நீங்கலாக, எனாமல் உருவாகும் காலம் ஏறத்தாழ எட்டு வயதோடு முடிகிறது. அதற்குப்பின் எந்த நீரைக் குடித்தாலும் பல்லில் கறை ஏறாது. ஏறிய கறை இறங்கவும் இறங்காது. மிகுந்த ஃபுளூரைடுள்ள நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கோ எலும்பும் மூட்டும் பாதிக்கப்பட்டு, முதுகு விறைத்து, குனிய முடியாத நிலை ஏற்படலாம்.

இந்நோய் நம் நாட்டில் புதிதன்று. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் 1937-ஆம் ஆண்டிலேயே மருத்துவ அறிஞர்கள் இதனைக் கண்டறிந்து எழுதியுள்ளனர். ஆனால் எங்கள் தெருவில் அதற்குப் பெயர் 'காவிப் பல்' என்பதுதான். காரணம் கேட்டால் ஒருவர் வெற்றிலை என்பார்; ஒருவர் பல் துலக்காத சோம்பல் என்பார்; வேறொருவர் வம்சம் என்பார்.

வாயை மூடிய சிரிப்பு

எங்கள் தெருப் பெண்கள் சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். சிறு வயதில் நானும் அதை நாணம் என்றே எண்ணியிருந்தேன். கல்லூரியில் சேர்ந்து, தண்ணீர் ஆய்வு பற்றிய பாடத்தில் ஃபுளூரைடைப் பற்றிப் படித்த அன்று மாலை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். "பல்லு தெரியாம இருக்கத்தான். வேற எதுக்கு?" என்றார். தம் திருமணப் புகைப்படத்தில் தாம் உதட்டை இறுக்கி வைத்திருப்பதற்கும் அதுவே காரணம் என்றார்.

பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லி அனுப்புவதாகப் போனதுண்டு. வெளியூரில் வேலைக்குப் போன எங்கள் தெரு அண்ணன்மார்களை 'புகையிலை போடுகிறவன்' என்று நினைத்து ஒதுக்கியதும் உண்டு. ஒரு கனிமம் உடலில் ஏற்படுத்திய குறை, சமுதாயத்தில் ஒழுக்கக் குறையாக எண்ணப்பட்டது. ஆயா கிணற்றடியில் தண்ணீருக்காகத் தலைகுனிந்து நின்றார். அம்மா அதே தண்ணீரின் விளைவை முந்தானையில் மறைத்துக்கொண்டார். அறியாமையின் விலை எவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எந்த நூலும் சொல்லவில்லை.

ஆற்று நீர் வந்தது

இரு மாவட்டங்களின் இக்குறையைப் போக்குவதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டது. 2008-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ரூ.1,928.80 கோடி மதிப்பீட்டில் நிறைவேற்றப்பட்ட இத்திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரியில் எடுக்கப்படும் நீர் சுத்திகரிக்கப்பட்டு, குழாய்கள் வழியே மேட்டு நிலங்களுக்கு ஏற்றப்பட்டு, நகரங்களுக்கும் ஆயிரக்கணக்கான குடியிருப்புகளுக்கும் செல்கிறது. பாறைக்குள் தேங்கிக் கிடக்காமல் ஓடி வரும் ஆற்று நீரில் ஃபுளூரைடு குறைவு.

எங்கள் தெருவுக்கு முதலில் தெருக்குழாய் வந்தது. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் நடுவண் அரசு வீட்டுக்கு வீடு குழாய் இணைப்புத் தரும் ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தது. அப்போது நாட்டின் ஊரகக் குடும்பங்களில் 3.23 கோடிக்கு, அதாவது நூற்றுக்குப் பதினேழு குடும்பங்களுக்கு மட்டுமே வீட்டுக் குழாய் இருந்தது. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அத்திட்டத்தின் அளவு. ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு 330 லிட்டர். நம் கணக்கில் 22 குடம். அத்திட்டத்தின்கீழ் எங்கள் வாசலுக்கும் ஒரு குழாய் வந்து சேர்ந்தது.

இந்த 22 குடங்களையும் முன்பு ஒருவர் சுமந்திருக்கவே முடியாது. பம்படி எங்கள் வீட்டிலிருந்து 200 மீட்டர். பன்னிரண்டு குடம் எடுத்தாலே போக வர 4.8 கிலோமீட்டர், அதில் பாதித் தூரம் இடுப்பில் 15 கிலோ. அம்மா கூலி வேலைக்குப் போன நாள்களில் அந்த வேலை என் அக்காவுடையது. அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டார். தண்ணீர் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. வறுமையும் இருந்தது, பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்ற பேச்சும் இருந்தது. ஆயினும் காலையில் ஆறு மணி முதல் ஒன்பதரை வரை பம்படியில் நிற்கிற பெண் முதல் மணிக்கு வகுப்பில் எப்படி இருப்பாள்? நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஆற்று நீர்த் திட்டம் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் அறிவு அக்காவின் அறிவைவிட எவ்விதத்திலும் மேம்பட்டதன்று என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் அறிவர். எனக்குக் கிடைத்தது அந்த மூன்றரை மணி நேரம்.

எங்கள் வீட்டில் பற்களைப் பார்த்தாலே இவ்வரலாறு விளங்கும். அக்காவின் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் தெளிவாக உள்ளன. என் பற்களில் மஞ்சள் திட்டுகள் உள்ளன. 2014-இல் பிறந்த தம்பிக்குப் பற்கள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. அவன் வாயை மூடாமல் சிரிக்கிறான்.

குழாய் வீட்டுக்குள் வந்த பின்

இத்துடன் கட்டுரையை முடித்துவிட்டால் அது உண்மையில் பாதியே ஆகும். குழாய் வீட்டுக்கு வந்ததும் முச்சந்தி வெறிச்சோடியது. பம்பின் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். ஊர்த் தெரு அக்காமார்களை இப்போது நாங்கள் கடைவீதியில் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. வரிசையில் நிற்க வேண்டிய தேவைதான் எங்களைக் கலக்க வைத்தது. தேவை போனதும் கலப்பும் குறைந்தது. மனம் மாறித்தான் கலந்தோம் என்றால் தேவை போன பின்னும் கலந்திருக்க வேண்டும் அன்றோ? 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்ட செய்தி வந்தபோது, தண்ணீருக்கும் சாதிக்கும் உள்ள கணக்கு இன்னும் தீரவில்லை என்பதை நாடே கண்டது.

இரண்டாவதாக, வரிசையில் எல்லார் கண்ணும் எல்லார் மீதும் இருந்தது. இப்போது சுவருக்கு அப்பால் நடப்பது தெரிவதில்லை. சில வீடுகளில் குழாயோடு மின்மோட்டாரை இணைத்து உறிஞ்சுகிறார்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து நீர் வருவது உயரத்தால் உண்டாகும் அழுத்தத்தினால்தான். பத்து மீட்டர் உயர நீர்த்தம்பம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் தரும். நடுவில் ஒருவர் மோட்டார் வைத்து இழுத்தால் அந்த அழுத்தம் குலைந்து, கடைசி வீட்டுக் குழாயில் காற்றுத்தான் வரும். அத்தோடு, குழாய் இணைப்பில் கசிவு இருக்குமானால் பக்கத்துச் சாக்கடை நீரும் உள்ளே இழுக்கப்படும். வரிசையில் இடையில் புகுந்தவரை 'ஏன்' என்று கேட்க நாற்பது வாய்கள் இருந்தன. மோட்டார் வைத்தவரைக் கேட்க ஒரு வாயும் இல்லை.

மூன்றாவது குறையே மிகவும் கவலைக்குரியது. கோடையிலோ குழாய் உடைப்பிலோ ஆற்று நீர் குறையும்போது, எங்கள் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஏற்றிக் கலந்து விடுகிறார்கள். தண்ணீர் வந்தால் போதும் என்று நாங்களும் பிடித்துக்கொள்கிறோம். எடுத்துக்காட்டாக, ஆற்று நீரில் லிட்டருக்கு 0.3 மில்லி கிராமும் துளைக்கிணற்று நீரில் 2.4 மில்லி கிராமும் ஃபுளூரைடு இருப்பதாகக் கொள்வோம். சரிபாதி கலந்தால் 1.35 ஆகும், எல்லைக்குள் இருப்பினும் விளிம்பில் நிற்கிறது. ஆற்று நீர் கால் பங்கு, துளை நீர் முக்கால் பங்கு என்றால் ஏறத்தாழ 1.9, எல்லை தாண்டிவிட்டது. ஒரே குழாய், ஒரே நிறம், ஒரே சுவை. எந்த நாளில் எந்த நீர் என்று பார்த்துச் சொல்ல யாராலும் இயலாது.

செய்யத்தக்கவை

இங்கேதான் நம் படிப்பு தெருவுக்குப் பயன்பட வேண்டும். முதலில், தவறான எண்ணங்களைப் போக்க வேண்டும். காய்ச்சிக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். காய்ச்சினால் கிருமிகள் சாகும்; ஃபுளூரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் அடர்வு சற்றுக் கூடவே செய்யும். துணியில் வடிகட்டுவதாலும் பயனில்லை. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் ஆர்.ஓ. கருவி ஃபுளூரைடைப் பெரும்பகுதி நீக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கித் தெளியவைக்கும் 'நல்கொண்டா முறை' நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தார் 1970-களில் வகுத்தது. ஆனால் நீரைச் சோதித்து, அதற்கேற்ற அளவு தெரிந்துதான் அதைச் செய்ய வேண்டும்.

இரண்டாவதாக, சோதிக்க வேண்டும். சிர்கோனியமும் அலிசரின் என்னும் சாயமும் சேர்ந்த கரைசலில் நீரைச் சில துளிகள் விட்டால், ஃபுளூரைடின் அளவுக்கேற்ப அதன் செந்நிறம் வெளிறி மஞ்சளாகும். இதனடிப்படையில் அமைந்த எளிய சோதனைப் பெட்டிகள் உள்ளன. ஜல் ஜீவன் திட்டத்திலேயே, ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இத்தகைய நீர்ச் சோதனையில் பயிற்சி அளிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. நம் ஊரில் அந்த ஐவர் யார், பெட்டி எங்கே இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? தமிழ்நாட்டில் இப்போது மார்ச் 22, உலக நீர் நாளன்றும் கிராம சபை கூடுகிறது. நம் தொட்டி நீரின் அளவை அந்தச் சபையில் எழுந்து கேட்பது நம் உரிமை.

மூன்றாவதாக, நம் துறை மாணவர்கள் ஆளுக்கொரு புட்டி நீரைத் தத்தம் தெருவிலிருந்து கொணர்ந்து, ஆசிரியப் பெருமக்களின் மேற்பார்வையில் மாதம் ஒருமுறை சோதிக்கலாம். எண்ணிக்கையை மட்டும் எழுதிப் பயனில்லை. அதைத் தொட்டியின் சுவரில் எழுதி வைக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பச்சை, சிவப்பு என்று வண்ணத்தால் காட்ட வேண்டும். சிவப்பு நாளில் சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு முதலில் நல்ல நீர் தர வேண்டும் என்று தெருவே கூடி முடிவு செய்யலாம். பிரசவித்த வீட்டுக்கு வரிசை இல்லை என்று சட்டம் வகுத்த தெருவுக்கு இது புதிதன்று.

தோழர்களே! நல்ல தண்ணீர் வந்தது அரசின் திட்டத்தால். அதனை நான் நன்றியோடு சொல்கிறேன். வந்த நீர் நல்ல நீராகவே நீடிக்கிறதா என்று பார்ப்பது தெருவின் கடமை. பழைய முச்சந்திக் கூட்டம் மீண்டும் வர வேண்டுமென்று நான் விரும்பவில்லை. அங்கே நின்ற என் அக்காவின் கால்கள் எனக்குத் தெரியும். கூடுவதற்குப் பஞ்சம்தான் காரணமாக இருக்க வேண்டுமா? அறிவும் காரணமாக இருக்கலாமே என்பதே என் வேண்டுகோள்.

இதில் தாமதத்துக்கு இடமில்லை. பல் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஈறுக்குள் அது உருவாகிவிடுகிறது. கறையைக் கண்ணால் கண்ட பின் சோதனை செய்தால் அக்குழந்தைக்கு எப்பயனும் இல்லை. எங்கள் தெருவில் இப்போது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பதினொரு பேர் இருக்கிறார்கள். அவர்கள் குடிக்கும் நீரை இந்தக் கோடையிலேயே சோதித்தாக வேண்டும்.